திருட்டுப் பிரதிக்குப் பயந்து கேமுக்குப் பூட்டு போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நானும் நண்பர்கள் இருவரும் காட்பாடியில் ஒரு மாடி அறை எடுத்துக் கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சிதான் களம். விடிவதற்குள் ஒரு சிப்பாய் கோட்டைக்குள் ஒளிந்து ஒளிந்து போய்ச் சேதி சேர்க்க வேண்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 349 ரூபாய்க்கு விற்கப் போகிறோம். போன மாதம் இலவச டெமோ விட்டோம். ஆற்காட்டில் ஒரு கடையில் அதை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து 30 ரூபாய் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பயம் வந்துவிட்டது. கேம் திறக்கும்போதெல்லாம் எங்கள் சர்வரிடம் அனுமதி வாங்கும்படி எழுதிவிடலாம், இரண்டு மாதம் ஆகும் என்கிறான் ஒரு நண்பன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தால் பாதியில் தானாக நின்றுபோகும்படி ரகசியப் பொறி வைக்கலாம் என்கிறான் இன்னொருவன். பணம் போட்டிருப்பது குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் என் அண்ணன். “பூட்டு இல்லாமல் கடை வைப்பாயா?” என்று கேட்கிறார். என்ன செய்வது சார்? அந்தக் கடைக்காரர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதத்தைப் பூட்டுக்குச் செலவிடாதீர்கள். ஸ்டீம் தன் பங்குக்குச் செய்துகொள்ளும் சாதாரணச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரகசியப் பொறி யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். சின்னக் குழுக்களின் கேம்களை வெளியிட உதவும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். காரணங்களை உங்கள் அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணம் போட்டவருக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

கடைக்குப் போடும் பூட்டு, இரவில் வெளியாள் உள்ளே வராமல் தடுக்கிறது. கேமுக்குப் போடும் பூட்டு அப்படி இல்லை. சரக்கை விற்று, வாங்கியவர் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அது சரக்கின் மேலேயே தொங்குகிறது. கேம் ஓட வேண்டுமென்றால் அவருடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே அது திறந்தாக வேண்டும், அதனால் சாவியையும் கூடவே கொடுத்து அனுப்புகிறோம். நேரமும் பொறுமையும் உள்ள ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, சோதனை நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த வரிகளைத் தாண்டிப் போகும்படி மாற்றிவிடுகிறார். உலகத்தில் ஒரே ஒருவர் இதைச் செய்தால் போதும். அதன் பிறகு அந்தப் பிரதியை எடுப்பவர்களுக்கு எந்தத் திறமையும் தேவையில்லை.

அதனால் பூட்டே வீண் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. நல்ல பூட்டு நாட்களை வாங்கித் தரும். 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஸ்பைரோ’ வரிசையின் மூன்றாவது கேமில், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சோதனைகளை ஒளித்து வைத்து, திருட்டுப் பிரதியை இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். பெரிய விளம்பரத்தோடு வரும் கேமுக்கு முதல் இரண்டு மாத விற்பனைதான் உயிர், ஆகவே அவர்களுக்கு அது லாபம். இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் வாங்கிப் போடும் டெனுவோ என்ற பூட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆஸ்திரியாவில் உருவாகி, 2014-இல் ‘ஃபிஃபா 15’ வழியாக அறிமுகமானது அது.

2014 முதல் 2022 வரை டெனுவோவோடு வந்த 86 கேம்களை எடுத்துக்கொண்டு, 2024-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்த கேம்கள் சராசரியாக 20 சதவீத வருமானத்தை இழந்தன என்று அது கணக்கிட்டது. உடைவது தள்ளிப்போகப் போக இழப்பு குறைகிறது. 12 வாரத்துக்குப் பிறகு உடைந்தால் இழப்பு அநேகமாக இல்லை. அதற்கு மேல் பூட்டை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்றுதான் அந்தக் கட்டுரையும் சொல்கிறது. எனக்கு இது நம்பத் தகுந்த முடிவாகப் படுகிறது. முதல் நாளே விளையாடியாக வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் காத்திருக்கும்போது, “இலவசமாக இன்னும் வரவில்லையா, சரி, வாங்கிவிடுவோம்” என்று ஒரு பகுதியினர் முடிவு செய்வார்கள். அந்தப் பகுதியைத்தான் பூட்டு பிடித்துத் தருகிறது.

உங்களுக்காக அப்படி யாரும் காத்திருக்கவில்லை. வருத்தப்படாதீர்கள், முதல் கேம் செய்யும் எல்லோருக்கும் இதுதான் நிலை. உங்களைப் போன்ற கேம் ஒரே வாரத்தில் விற்றுத் தீராது. யாரோ ஒருவர் யூடியூபில் விளையாடிக் காட்டுவார், அப்புறம் ஒரு தள்ளுபடி வரும், கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் விற்கும். அத்தனை காலம் தாங்கும் பூட்டு எதுவும் கிடையாது. டெனுவோ மாதிரியான பூட்டின் விலையும் உங்களுக்கு எட்டாத உயரம். 2020-இல் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து கசிந்த ஆவணங்களில், ஒரே கேமுக்கு அதன் முதல் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியிருந்தது. நம் பணத்தில் கோடியை ஒட்டி வருகிறது.

“அது வேண்டாம், நாங்களே எழுதுகிறோம்” என்றால், ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ‘ரிகோஷே இன்ஃபினிட்டி’ என்ற கேமை விற்ற ரிஃப்ளெக்சிவ் என்ற நிறுவனம் 2008-இல் தன் அனுபவத்தை வெளிப்படையாகச் சொன்னது. அந்தக் கேமை விளையாடியவர்களில் 92 சதவீதம் பேர் காசு கொடுக்காதவர்கள். நிறுவனம் பூட்டை மறுபடி மறுபடி இறுக்கியது. 1,000 திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் கூடுதலாக ஒரு விற்பனை கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் 349 ரூபாயில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால், வரிகளை விட்டுவிட்டால், 244 ரூபாய் மிஞ்சும். நீங்கள் 10,000 திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் 10 விற்பனை, அதாவது 2,440 ரூபாய். சரி, அது ஒரே ஒரு நிறுவனத்தின் பழைய அனுபவம், உங்களுக்கு அதைப்போல் பத்து மடங்கு நன்றாக நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 24,400 ரூபாய். மூன்று பேரின் இரண்டு மாத உழைப்பும், காட்பாடி அறை வாடகையும், கரண்ட் பில்லும் இதற்குள் அடங்குமா என்று அண்ணனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தறி ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்வது முக்கியம். பென் டிரைவில் ஏற்றிக்கொண்ட ஒவ்வொருவரும் உங்களுக்கு வர வேண்டிய 349 ரூபாயைப் பறித்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். அவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள். 2013-இல் ‘கேம் டெவ் டைகூன்’ செய்தவர்கள் தாங்களே ஒரு பிரதியை, கோப்புகளை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் டோரண்டில் போட்டுச் சோதித்தார்கள். முதல் நாள் முடிவில் அந்தப் பிரதியை விளையாடியவர்கள் 3,104 பேர், காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். படித்தால் வயிற்றைக் கலக்கும் எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த நிறுவனம் நொடித்துப் போகவில்லை, அந்தக் கேம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. உங்களை வாழ வைப்பது அந்த 214 பேரை 2,000 பேராக்கும் வேலை. 3,104-ஐக் குறைக்கும் வேலை அல்ல.

சர்வர் யோசனைக்கு வருகிறேன். அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அது காசு கொடுத்தவரை அடிக்கிறது. 2010-இல் யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் தன் கம்ப்யூட்டர் கேம்களுக்கு எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மார்ச் மாதம் அதன் சர்வர்கள் தாக்கப்பட்டு முடங்கியபோது, ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ கேமை முழு விலைக்கு வாங்கியவர்கள் விளையாட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தின் சர்வரே விழுந்தது. உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? வெளியீட்டு நாள் இரவு 11 மணிக்கு அது நின்றுவிட்டால்? அப்புறம், எத்தனை வருடம் அதை ஓட்டுவீர்கள்? விற்பனை வற்றிய பிறகும் மாத வாடகை கட்ட வேண்டும். நிறுத்தினால், வாங்கிய எல்லோருடைய கேமும் அன்றோடு செத்துப்போகும். ‘தி க்ரூ’ என்ற கேமின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியபோது, காசு கொடுத்தவர்களின் கோபம் ஓர் இயக்கமாகவே மாறியது.

நம் ஊரையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் கேமை முதலில் ஆசையோடு வாங்கப் போவது யார்? கோட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான். அணைக்கட்டுப் பக்கம் ஒரு மாணவன் போன் ஹாட்ஸ்பாட்டில் இரவெல்லாம் டவுன்லோடு போட்டு, மறுநாள் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் விளையாடுவான். சிக்னல் இல்லாத நேரத்தில் “அனுமதி கிடைக்கவில்லை” என்று அவன் முகத்தில் கதவைச் சாத்தாதீர்கள். டோரண்டில் எடுத்தவனுக்கு இந்தத் தொல்லையே இருக்காது, சோதனையை நீக்கிய பிரதிதானே அவனிடம் இருக்கிறது. திருட்டுப் பிரதி, காசு கொடுத்த பிரதியைவிட நன்றாக ஓடும் நிலை வந்தால் உங்கள் கேம் தோற்றுவிட்டது என்று பொருள். 2021-இல் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ கேமுக்கு அதுதான் நடந்தது. பூட்டு தொடர்பான சோதனைகள் சண்டைக் காட்சிகளில் கேமைத் திக்க வைத்தன, பூட்டை உடைத்த பிரதி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைச் செய்த கேப்காம் நிறுவனம் பின்னால் ஒரு திருத்தம் விட்டுச் சரிசெய்தது.

ரகசியப் பொறியைப் பற்றி உங்கள் நண்பரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த யோசனையில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, எனக்கும் தெரியும். 2009-இல் ஒரு பேட்மேன் கேமின் திருட்டுப் பிரதியில் பேட்மேனால் சிறகை விரித்து மிதக்க முடியாது. 2011-இல் ‘சீரியஸ் சாம் 3’ திருட்டுப் பிரதியில், சாகவே சாகாத ஒரு தேள் துரத்திக்கொண்டே வரும். இவையெல்லாம் செய்தியாகி, விளம்பரமும் ஆயின. ஆனால் உங்கள் நண்பர் சொல்வது அந்த வகை அல்ல. காரணமே தெரியாமல் பாதியில் நின்றுபோவது வேறு.

2006-இல் வந்த ‘டைட்டன் குவெஸ்ட்’ கேமின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். வெளியீட்டுக்கு முன்பே திருட்டுப் பிரதி பரவிவிட்டது. உள்ளே இருந்த பாதுகாப்புச் சோதனை ஒன்று, பிரதி சரியில்லை என்று கண்டால் சத்தமில்லாமல் கேமை நிறுத்திவிடும். எடுத்தவர்களுக்குத் தங்கள் பிரதியில்தான் கோளாறு என்று தெரியவில்லை. “இந்தக் கேம் ஓயாமல் கிராஷ் ஆகிறது, மோசமாகச் செய்திருக்கிறார்கள்” என்று போகும் இடமெல்லாம் சொன்னார்கள். கேம் கடைக்கு வருவதற்குள் அதன் பெயர் கெட்டுவிட்டது. அதைச் செய்த அயர்ன் லோர் நிறுவனம் 2008-இல் மூடப்பட்டது. மூடியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேமில் வேலை பார்த்தவர்களின் ஆத்திரத்தில் பெரும்பங்கு இதனால் வந்தது.

உங்கள் நிலைமை இன்னும் பலவீனமானது. ஸ்டீமில் முதல் பத்துப் பதினைந்து விமர்சனங்கள்தான் உங்கள் கேமின் முகம். பொறி தப்பாகச் சுட்டு, காசு கொடுத்த ஒரே ஒருவரின் கேம் திப்பு மஹால் கட்டத்தில் நின்றுபோனால், அவர் எழுதும் நான்கு வரி அங்கேயே இருக்கும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் அவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். ஏதாவது வைத்தே தீர வேண்டும் என்று நண்பருக்கு ஆசை இருந்தால், கேமின் முடிவில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு திரை வையுங்கள்: நாங்கள் மூன்று பேர், இது எங்கள் முதல் கேம், காசு கொடுக்காமல் விளையாடியிருந்து உங்களுக்குப் பிடித்திருந்தால் ஸ்டீமில் வாங்குங்கள். எழுத அரை நாள் போதும், யாரையும் காயப்படுத்தாது.

அப்படியானால் ஸ்டீமின் சோதனை போதுமா? கேம் ஸ்டீம் வழியாகத் திறந்திருக்கிறதா, அந்தக் கணக்கில் வாங்கப்பட்டிருக்கிறதா என்று அது பார்க்கும். இணையம் இல்லாதபோதும் விளையாட வழி வைத்திருக்கிறது. அந்தச் சோதனை மட்டுமே திருட்டைத் தடுத்துவிடாது என்று ஸ்டீமே டெவலப்பர்களுக்கான குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு ஃபோல்டரை அப்படியே காப்பியடித்து நண்பனுக்குக் கொடுப்பதை அது தடுக்கும். உங்களுக்கு அவ்வளவு போதும். அதுகூட இல்லாமல் விற்றுச் செழித்தவர்களும் உண்டு. போலந்தின் சிடி புராஜெக்ட் நிறுவனம் ‘தி விட்சர் 3’ கேமின் கம்ப்யூட்டர் பதிப்பை 2015-இல் எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது, எல்லாப் பதிப்புகளும் சேர்ந்து 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. பூட்டு இல்லாததால் விற்றது என்று சொல்வது தவறு. கேம் நன்றாக இருந்தது, வாங்கியவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

மிச்சமாகும் இரண்டு மாதத்தில் என்ன செய்வது? முதலில் டெமோவைச் செதுக்குங்கள். டெமோவில் சேவ் செய்தது முழு கேமில் அப்படியே தொடரட்டும், விட்ட இடத்திலிருந்து போகலாம் என்பது வாங்கத் தூண்டும் பெரிய காரணம். வெளியான முதல் மாதத்தில் சின்னச் சின்னத் திருத்தங்களை அடிக்கடி விடுங்கள். ஸ்டீமில் வாங்கியவருக்கு அவை தானாக வந்து சேரும், டோரண்டில் எடுத்தவர் ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டும். பூட்டை விட இது நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று, பூட்டை உடைத்த கோப்புகளில் வைரஸைச் சேர்த்து அனுப்புவது பழைய தொழில். உங்கள் கேமின் பெயரிலும் அப்படி ஏதாவது சுற்றும். அதிகாரப்பூர்வ முகவரி இதுதான் என்று எல்லா இடத்திலும் தெளிவாகப் போட்டுவையுங்கள். தேதி விஷயத்தில் ஒரு வார்த்தை: ஜூலை 10-ஐ ஒட்டி வெளியிட ஆசை இருக்கும். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலைக்குள்ளும் நீளும், அந்தக் கூட்டத்தில் புதிய கேம் கண்ணில் படாது. அது முடிந்த பிறகு வெளியிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம், “நான் யூடியூபர், இரண்டு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள், ஐந்து கீ அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வரிசையாக வரும். பெரும்பாலும் போலி. கீ என்பது ஸ்டீமில் கேமைத் திறந்து தரும் குறியீடு. வாங்கும் கீகளை மறுவிற்பனைத் தளங்களில் பாதி விலைக்கு விற்றுவிடுவார்கள். அங்கே வாங்குபவர் காசு கொடுக்கத் தயாராக இருந்தவர், உங்களிடம் வந்திருக்க வேண்டியவர். திருடிய கிரெடிட் கார்டில் கீ வாங்கி விற்பதும் நடக்கிறது, கார்டுக்காரர் புகார் செய்தால் பணத்தைத் திருப்புவதோடு அபராதமும் விற்ற டெவலப்பர் தலையில் விழும். இதனால் நொந்துபோய், அந்தத் தளங்களில் வாங்குவதற்குப் பதில் டோரண்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2019-இல் சில சின்ன நிறுவனங்கள் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டன. ஆகவே யார் கேட்டாலும், அந்தச் சேனலின் பக்கத்தில் உள்ள முகவரியிலிருந்துதான் மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு கீ மட்டும் அனுப்புங்கள்.

கடைசியாக ஆற்காட்டுக் கடை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் வருகிறது. எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள், சாட்சியமாக உதவும். அனுமதியில்லாமல் காப்பியடித்து விற்பது 63-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012-இல் சேர்க்கப்பட்டது. புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இருந்தாலும் இப்போது கொடுக்காதீர்கள். அவர் விற்பது நீங்கள் இலவசமாக விட்ட டெமோ. உங்கள் கேமின் பெயரை நீங்கள் எட்ட முடியாத பிள்ளைகளிடம் அவர் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார். டெமோவின் முடிவில் முழு கேமின் பெயர், விலை, வெளியாகும் தேதி, ஸ்டீம் பக்கத்துக்கு ஒரு க்யூஆர் கோடு எல்லாம் வரும்படி புதுப்பித்து, நீங்களே அந்தக் கடைக்குப் போய்ப் புதிய பிரதியைக் கொடுங்கள். காசு வாங்காமல் ஏற்றிக் கொடுங்கள் அண்ணே, முழு கேமைத் தொடாதீர்கள் என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். வெளியான பிறகு முழு கேமையும் அவர் விற்பது தெரிந்தால், ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கி, தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் நிறுத்தவில்லை என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.